இறுதிச் சொல்லுக்குக் காத்திருத்தல்

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தில் பிரம்மபுரீசுவரர், பாடலீசுவரர் கோயில்கள் சோழர்காலக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கின்றன. அருகிலுள்ள எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணாக்கர் பயின்ற கல்விச்சாலை இருந்ததையும் கல்வெட்டே நமக்கு அறிவிக்கிறது. இன்று இவ்வட்டாரத்து மாணவர் அம்மன்னனின் மெய்க்கீர்த்தியை முதன்முறை படிக்கையில் இடர்ப்படுவது அருஞ்சொற்களால் மட்டுமன்று. முடிக்குஞ்சொல் நெடுந்தொலைவு தள்ளி நிற்பதாலேயே எனக் கருதுகிறோம்.

இடைதுறை நாடு, வனவாசி, ஈழம், கடாரம் என நாடுகளும் ஊர்களும் 'உம்' ஏற்று அடுக்கி வருகின்றன. அவற்றை மன்னன் என்ன செய்தான்? 'கொண்ட' என்னும் பெயரெச்சம் வரும்வரை விடையில்லை. அவ்வெச்சமும் தான் தழுவும் பெயரை நோக்கி நிற்கிறது. அதுவரை படிப்பவர் உள்ளம் எதனைப் பற்றிக்கொண்டிருக்கிறது?

இவ்வினாவுக்குக் கொரிய மொழி நல்ல துணையாகும். அங்கும் வினை இறுதியில்தான். நூலைக் குறிக்கும் 'சேக்' என்னும் சொல், செயப்படுபொருளாகுங்கால் 'உல்' என்னும் உருபேற்றுச் 'சேகுல்' என நிற்கும். (அவ்வுகரம் நம் குற்றியலுகரம்போல் இதழ் குவியாதது!) 'நூலை' என்றதுமே படித்தல், வாங்குதல் போன்ற வினையொன்றை நம் உள்ளம் எதிர்நோக்குகிறதன்றோ? உருபேற்ற பெயர் தனிச்சொல்லாக நினைவில் கிடப்பதில்லை. நிரப்பப்பட வேண்டிய இடமொன்றைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது.

நினைவு ஒரே வேளையில் ஏறத்தாழ ஏழு கூறுகளையே தாங்கும் என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். மெய்க்கீர்த்தியின் பட்டியலோ அதனினும் நெடிது. எனினும் 'உம்' ஏற்றவையெல்லாம் ஒரே தொகுதியாய்த் திரள்வதால் சுமை குறைகிறது. தொகுத்துக் கொள்ளலே நினைவின் வழி என மில்லரும் கூறினார். வினை வந்து பொருள் முடிந்தபின் சொல்லமைப்பு விரைவில் மறைய, கருத்தே எஞ்சுகிறது. இதனை 1967-இல் ஜாக்குலின் சாக்ஸ் செவிவழிச் சோதனையால் காட்டினார்.

ஆதலின், சொற்பொருளை மட்டும் மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. "இவ்வெச்சம் எதனைக் கொண்டு முடிந்தது?" என்றே மாணவரை வினவுதல் வேண்டும். அங்ஙனம் வினவிச் செல்வோர் இராசேந்திரனின் பெயரை அடைந்ததும் வியப்பர். அப்பெயரும் முடிவன்று. அது 'தேவர்க்கு' என நான்காம் வேற்றுமை ஏற்று, 'யாண்டு' என்னும் சொல்லையும் ஓர் எண்ணையும் நோக்கி நிற்கிறது. கடல்கடந்த வெற்றிகள் அத்தனையும் ஆட்சியாண்டொன்றைக் குறிக்க வந்த அடைமொழிகளே.