ஆசிய பசிபிக் நாடுகளில் எலும்புப்புரைக் கவனிப்பும் கூட்டு முயற்சிகளும்

ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்புப்புரை, எலும்பின் அடர்த்தி குறைந்து அதன் உட்கட்டமைப்பு சிதைவதால் சிறிய அடிக்கே எலும்பு உடைந்துவிடும் நிலையாகும். வலியோ காய்ச்சலோ இல்லாமல் பல ஆண்டுகள் வளரும் இந்நோய், பெரும்பாலும் ஓர் எலும்பு உடைந்த பிறகுதான் வெளியே தெரிகிறது. உலக அளவில் 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கும் ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் எஞ்சிய வாழ்நாளில் இத்தகைய முறிவு ஏற்படும் என மதிப்பிடப்படுகிறது.

முதியோர் தொகை வேகமாகக் கூடிவரும் ஆசியாவில் இதன் சுமை பெரிது. சீனா, இந்தியா, ஜப்பான், தென்கொரியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, தைவான், ஹாங்காங் ஆகிய ஒன்பது இடங்களின் தரவுகளைக் கொண்டு ஆசிய எலும்புப்புரைச் சங்கங்களின் கூட்டமைப்பு 2018இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அதன்படி, அவ்வாண்டில் சுமார் 11 லட்சமாக இருந்த இடுப்பெலும்பு முறிவுகள் 2050இல் 25 லட்சத்தைத் தாண்டும். மக்கள் நீண்ட நாள் வாழ்வதே இந்த உயர்வுக்கு முதன்மைக் காரணம்.

முதல் முறிவு தரும் எச்சரிக்கை

நின்ற உயரத்திலிருந்தோ அதைவிடக் குறைந்த உயரத்திலிருந்தோ விழுந்து எலும்பு உடைந்தால் அதை நலிவு முறிவு என்பர். குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொள்ளும் 58 வயதுப் பெண் இதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரத்தில் கை சரியாகிவிடுகிறது. ஆனால் அவருக்கு மீண்டும் ஒரு முறிவு வரும் வாய்ப்பு, முன்பு எலும்பு உடையாத ஒருவரைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வருவோரில் பாதிப் பேருக்கு முன்பே வேறோர் எலும்பு முறிந்திருக்கிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இடுப்பெலும்பு முறிவு என்று பேச்சு வழக்கில் சொல்லப்படுவது உண்மையில் தொடை எலும்பின் மேல்முனையில் ஏற்படும் முறிவு. அறுவை செய்யாமல் இது ஒழுங்காகக் கூடுவது அரிது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு நுரையீரல் அழற்சி, இரத்தக் கட்டி, படுக்கைப்புண், மனக்குழப்பம் ஆகியவை அடுத்தடுத்து வரலாம். இம்முறிவுக்கு உள்ளானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்கின்றனர். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி தனியாக நடமாட முடியாமல் போகிறது.

முறிவு வாய்ப்பைக் குறைக்கும் மருந்துகள் 1990களிலிருந்தே உள்ளன. குறை வேறிடத்தில் இருக்கிறது. எலும்பைச் சேர்த்து வைப்பது எலும்பு அறுவை மருத்துவரின் வேலை. எலும்பு ஏன் உடைந்தது என்று தேடுவது யாருடைய வேலை என்பது பெரும்பாலான மருத்துவமனைகளில் தீர்மானிக்கப்படவே இல்லை. குடும்பத்தினரும் 'வயசாயிடுச்சு, விழுந்துட்டாங்க' என்று அதை அத்துடன் விட்டுவிடுகின்றனர். இந்த இடைவெளியை அடைக்க, 1990களின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் முறிவுத் தொடர்புச் சேவை என்ற ஏற்பாடு உருவானது. 50 வயதைக் கடந்து எலும்பு முறிவுடன் வரும் ஒவ்வொருவரையும் ஒரு செவிலியர் தேடிப் பிடித்து, அடர்த்திப் பரிசோதனைக்கு அனுப்பி, தேவையான மருந்தைத் தொடங்க வைப்பதே அதன் சாரம். பன்னாட்டு எலும்புப்புரை அறக்கட்டளை 2012இல் தொடங்கிய திட்டம் இம்முறையை உலகெங்கும் பரப்பியது.

ஆசியர்களுக்கென ஓர் அளவுகோல்

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா கருவி விலை உயர்ந்தது. பெரும்பாலும் பெருநகரங்களிலேயே இருக்கும். எனவே யாரை அக்கருவிக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய எளிய வழி ஒன்று தேவைப்பட்டது. எட்டு ஆசிய நாடுகளின் 21 மருத்துவ மையங்களில் மாதவிடாய் நின்ற 860 பெண்களிடம் திரட்டிய தரவுகளைக் கொண்டு 2001இல் வெளியான 'ஆஸ்டா' குறியீடு அந்த வழியைத் தந்தது. பிராந்திய ஒத்துழைப்பில் விளைந்தவற்றுள் மிகவும் பயன்பட்டது இதுவே எனலாம்.

கணக்கு எளிது. கிலோகிராமில் உள்ள உடல் எடையிலிருந்து வயதைக் கழித்து, வருவதை 0.2ஆல் பெருக்க வேண்டும். 70 வயதும் 45 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு விடை −5. விடை −4க்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை இருக்கும் வாய்ப்பு அதிகம். −1க்கு மேலே இருந்தால் குறைவு. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் நடுத்தரம். 60 வயதும் 58 கிலோவும் உள்ளவருக்கு −0.4 வரும். ஊசியும் படமும் இல்லாமல் கிராமச் செவிலியர் ஒருவரே இதைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் இது நோயைக் கண்டறியும் சோதனை அன்று, வடிகட்டி மட்டுமே. நீண்ட நாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர், உடல் பருத்த நீரிழிவு நோயாளி போன்றோரின் ஆபத்தை எடையும் வயதும் மட்டும் காட்டிவிடாது.

2008இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட 'ஃபிராக்ஸ்' கணிப்பான் இன்னும் விரிவானது. முந்தைய முறிவு, பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்தமை, புகைப்பழக்கம், முடக்குவாதம் முதலியவற்றைச் சேர்த்து அடுத்த பத்து ஆண்டுகளில் முறிவு ஏற்படும் வாய்ப்பை அது சதவீதத்தில் சொல்லும். முறிவு விகிதம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி மாதிரி உண்டு. சிங்கப்பூருக்குச் சீனர், மலாயர், இந்தியர் என மூன்று உள்ளன. சொந்தத் தரவு போதாத நாடுகளுக்கு, ஒத்த மக்களின் முறிவு விகிதத்தைக் கடன் வாங்கி, அந்தந்த நாட்டின் இறப்பு விகிதத்துடன் சேர்த்து மாதிரி அமைக்கப்படுகிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இவ்வாறு கடனாக வந்தவை சிங்கப்பூர் வாழ் இந்தியரின் தரவுகள். யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவரின் ஆபத்தைக் கணிக்கச் சிங்கப்பூர்ப் புள்ளிவிவரம் பயன்படுவது இப்படித்தான். இல்லாததற்கு இது மேல். ஆனால் நகர வாழ்க்கையும் உணவும் உழைப்பும் வேறான ஒரு மக்கள் கூட்டத்தின் கணக்கு அது என்பதை மறந்துவிடக் கூடாது.

குறைந்தபட்சத் தரங்கள்

ஆசிய பசிபிக் எலும்புப்புரைக் கூட்டமைப்பு 2019 மே மாதம் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர் மஞ்சு சந்திரன் இதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பிராந்தியத்தில் நடைமுறையில் இருந்த 18 மருத்துவ வழிகாட்டு நெறிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் முதல் வேலையாக இருந்தது. யாரைப் பரிசோதிப்பது, எப்போது மருந்து தொடங்குவது, எவ்வளவு காலம் தொடர்வது ஆகியவற்றில் அந்நெறிகள் பெரிதும் வேறுபட்டன.

வேறுபாடுகளை நீக்கி ஒரே வழிகாட்டியை எல்லா நாடுகளுக்கும் விதிக்க இக்கூட்டமைப்பு முயலவில்லை. செல்வ நாடும் ஏழை நாடும், காப்பீடு உள்ள நாடும் கைப்பணம் கட்டும் நாடும் அருகருகே உள்ள பிராந்தியத்தில் அது நடக்கவும் செய்யாது. மாறாக, எந்த நாட்டு வழிகாட்டியிலும் இருந்தே ஆக வேண்டிய குறைந்தபட்சம் எது என்று கேட்கப்பட்டது. இதற்கு டெல்ஃபி முறை பயன்பட்டது. வல்லுநர்கள் தனித்தனியே கருத்தைப் பதிவு செய்வர். தொகுத்த முடிவு அவர்களிடமே திரும்பி வரும். அதைப் பார்த்து மீண்டும் கருத்துரைப்பர். நான்கு சுற்றுகளுக்குப் பின் 16 தரங்கள் உருவாகி 2021இல் வெளியாயின.

நலிவு முறிவுடன் வரும் ஆணையும் பெண்ணையும் மருத்துவமனையே முன்வந்து இனங்காண வேண்டும் என்பது அவற்றில் முதன்மையானது. எலும்பைக் கரைக்கும் மருந்து உட்கொள்வோரையும், எலும்பைப் பாதிக்கும் பிற நோய் உடையோரையும் கண்டறிதல், விழும் அபாயத்தை மதிப்பிடுதல், மருந்தைத் தொடர்கிறாரா என்று பார்த்தல், பணியின் தரத்தை அளத்தல் ஆகியவையும் இடம்பெறுகின்றன.

மருந்தைத் தொடர்வது ஏன் தனித் தரமாக வைக்கப்பட்டது என்பதற்கு டெனோசுமாப் நல்ல சான்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலடியில் போடும் இந்த ஊசி அடர்த்தியை நன்கு உயர்த்தும். ஆனால் அடுத்த ஊசி பல மாதம் தள்ளிப்போனால் எலும்புச் சிதைவு முன்னைவிட வேகமாகத் திரும்பி, முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேற்பட்டு உடையக்கூடும். கொரோனா ஊரடங்கில் ஊசி தவறியபோது உலகெங்கும் மருத்துவர்கள் இதைக் குறித்தே கவலைப்பட்டனர். நிறுத்துவதாக இருந்தால் வேறு மருந்துக்கு மாற்றியே நிறுத்த வேண்டும். அலெண்ட்ரோனேட் மாத்திரையில் சிக்கல் வேறு: வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாத நோய்க்கு இந்தச் சிரமத்தைப் பலர் சில மாதங்களில் கைவிடுகின்றனர். இவ்வகை மருந்துகளை நீண்ட காலம் உட்கொண்டால் அரிதாக ஏற்படும் தொடை எலும்புத் தண்டு முறிவு, ஆசிய வம்சாவளிப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. மேலை நாட்டு நெறிகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணிப் பார்ப்பதும் பணம் தருவதும்

ஆசிய பசிபிக் நலிவு முறிவுக் கூட்டணி 2018இல் தொடங்கியது. எலும்பு அறுவை, முதியோர் மருத்துவம், மறுவாழ்வு மருத்துவம் எனத் தனித்தனியே இயங்கிய சங்கங்களை அது ஒன்றிணைக்கிறது. இடுப்பெலும்பு முறிவுப் பதிவேடு தொடங்க விரும்பும் நாடுகளுக்கு வழிகாட்டி நூல் ஒன்றையும் தயாரித்தது.

பதிவேட்டின் பயனை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்தும் பதிவேடு காட்டுகிறது. அறுவைக்கு எத்தனை மணி நேரம் ஆனது, மறுநாள் நோயாளி நடக்க வைக்கப்பட்டாரா, எலும்பு காக்கும் மருந்துடன் வீடு திரும்பினாரா என்பன மருத்துவமனை வாரியாக அதில் பதிவாகின்றன. 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்ய வேண்டும் என 2016இல் வகுத்த ஆஸ்திரேலியத் தரம் 2023இல் 36 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது.

ஜப்பான் பணத்தின் வழியே அணுகியது. 2022 ஏப்ரல் முதல், 75 வயதைக் கடந்தவருக்கு 48 மணி நேரத்துக்குள் இடுப்பெலும்பு அறுவை செய்தால் கூடுதல் கட்டணம் கிடைக்கிறது. அடுத்த முறிவைத் தடுக்கும் சிகிச்சைக்கும் அறுவை செய்யும் மருத்துவமனை, மறுவாழ்வு மருத்துவமனை, பின்னர் பார்க்கும் புறநோயாளிப் பிரிவு என மூன்று கட்டங்களிலும் தனித்தனிக் கட்டணம் உண்டு. யாருடைய வேலை என்ற கேள்விக்கு இது மூன்று இடங்களிலும் விடை வைக்கிறது. தரங்களை எழுதுவதைவிட இத்தகைய கட்டண விதிகளே மருத்துவமனைகளின் நடத்தையை விரைவாக மாற்றும் எனக் கருத இடமுண்டு.

இந்தியாவில் தேசிய அளவில் முறிவுகளின் முழுக் கணக்கு இல்லை. ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு, 50 வயதைக் கடந்த ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 129 இடுப்பெலும்பு முறிவுகள் எனக் கணக்கிட்டது. ஒரே மாவட்டத்தின் இந்த எண் நாடு முழுமைக்குமான மதிப்பீடுகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. கை, கால் முறிவுக்குப் புத்தூர்க் கட்டுக்கும், இலங்கையில் முறிவு வைத்தியரிடமும் செல்வோர் மருத்துவமனைக் கணக்கில் வருவதில்லை. முதுகெலும்பு முறிவுகளோ பெரும்பாலும் முதுகுவலி, கூன் என்ற பெயரில் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. வேறு காரணத்துக்காக எடுத்த மார்பு எக்ஸ்ரேயில்தான் பல நேரம் அவை தற்செயலாகக் கண்ணில் படுகின்றன.