பெயரே செய்முறை

நுழையும்முன்

மேல்நிலைப் படிப்பை முடித்து வெளியூரில் தங்கிப் படிக்கவோ பணியாற்றவோ செல்லும் இளைஞர் பலர், முதன்முதலாக அடுப்பைப் பற்றவைப்பது அங்கேதான். கையில் ஒரு செய்முறைக் குறிப்பு இருக்கும். அது கேட்கும் பதினைந்து பொருள்களுள் ஐந்துதான் அறையில் இருக்கும். அவ்வைந்தைக் கொண்டே நல்ல உணவு சமைக்க இயலும். அதற்கான அறிவு நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுக்குள் இருப்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

‘பொங்கல் உண்டான்’ என்னும் தொடரைத் தொழிலாகு பெயருக்குச் சான்றாகப் படித்திருப்பீர்கள். பொங்குதல் என்னும் தொழிலைக் குறிக்கும் சொல், அத்தொழிலால் உண்டான உணவுக்கு ஆகி வருகிறது. ‘வற்றல் தின்றான்’ என்பதும் அவ்வாறே. இலக்கணம் கற்பிப்போர் ஆகுபெயருக்குச் சான்று தேடி அடுக்களைக்குள் நுழைந்தது தற்செயலன்று. தமிழில் உணவின் பெயர்களுள் பெரும்பகுதி தொழிற்பெயர்களே. அவித்தது அவியல், பொரித்தது பொரியல், வறுத்தது வறுவல், மசித்தது மசியல், கடைந்தது கடையல், வதக்கியது வதக்கல், நீர் சுண்ட வேகவைத்தது சுண்டல், துவைத்தது துவையல். இவை ‘அல்’ என்னும் விகுதி பெற்றவை. கூட்டு, குழம்பு ஆகியவை விகுதி பெறாமலே தொழிலை உணர்த்தி நிற்கின்றன. சாம்பார், ரசம் முதலிய சில பெயர்கள் இவ்வரிசையில் சேரா.

இப்பெயர்களில் ஒரு வசதி உண்டு. உணவின் பெயரைக் கேட்டவுடன் அதனைச் செய்யும் வழியும் புலனாகிவிடுகிறது. ‘கீரை மசியல்’ என்பதில் முதற்சொல் பொருளைக் கூறுகிறது. இரண்டாம் சொல் அதனை என்ன செய்ய வேண்டும் என்பதைக் கூறுகிறது. இரண்டே சொற்களில் ஒரு செய்முறை முடிந்துவிட்டது. எஞ்சியவை உப்பும் ஒரு தாளிப்பும். பொருள்களின் பட்டியலை மனப்பாடம் செய்தவர், பட்டியலில் ஒன்று குறைந்தால் திகைப்பார். வினையை அறிந்தவருக்கு அத்திகைப்பு இல்லை. வாழைக்காய் ஒன்று மட்டும் இருக்கிறதா? மெல்லிய வில்லைகளாக அரிந்து எண்ணெயில் இட்டால் வறுவல். துண்டுகளாக்கி அரைவேக்காடாக வேகவைத்துச் சிறிது எண்ணெயில் புரட்டினால் பொரியல். அவித்துத் துருவித் தாளித்தால் பொடிமாஸ். பருப்புடன் சேர்த்தால் கூட்டு. காய் ஒன்று, வினை நான்கு, உணவு நான்கு.

வினைகளின் வேறுபாடு

அடுக்களை வினைகளை நாம் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இட்டுப் பேசிவிடுகிறோம். அவித்தலும் வறுத்தலும் சூடேற்றும் செயல்களே எனினும் அவற்றின் விளைவு வேறு. நீரில் வேகும் பொருளின் வெப்பம், திறந்த பாத்திரத்தில், 100 பாகை செல்சியசைத் தாண்டாது. அவ்வெப்பத்தில் பொருள் மென்மையாகும். மணம் பெரிதாக எழாது. நீரற்ற வாணலியில் வெப்பம் அதற்கு மேலே செல்லும். அப்போது பருப்பின் மேற்பரப்பு பொன்னிறமாகிப் புதிய மணங்கள் தோன்றுகின்றன. வேகவைத்த உளுந்துக்கும் வறுத்த உளுந்துக்கும் உள்ள வேறுபாட்டை முகர்ந்தே அறியலாம். குறைந்த பொருள்களைக் கொண்டு சமைப்பவர் முதலில் கற்க வேண்டிய வினை வறுத்தல் என்றே சொல்வேன். மசாலாப் பொடிகள் பல செய்யும் வேலையை, பொறுமையாக வறுத்த இரண்டு கரண்டி பருப்பு செய்துவிடும்.

வதக்குதலும் துவட்டுதலும் வறுத்தலின் தங்கையர். காயின் நீர் ஓரளவு வெளியேறி அது தளரும் வரை எண்ணெயில் கிளறுவது வதக்குதல். நீர்ப்பசை போகும் அளவுக்கு மட்டும் கிளறுவது துவட்டுதல். மசித்தலுக்குக் கரண்டியின் அடிப்பாகமே போதும். கடைதலுக்கு மத்து வேண்டும். மத்தால் கடைந்த பருப்பில் திப்பி இல்லாமல் ஒரு வழவழப்பு வரும். இதுவே மசியலையும் கடையலையும் பிரிக்கிறது.

வினைகளுக்கு ஒரு வரிசையும் உண்டு. புளியை முன்னதாகச் சேர்த்தால் பருப்பும் காயும் எளிதில் வேகா. புளியின் அமிலம், காயின் திசுக்களைப் பிணைத்திருக்கும் பொருள் இளகுவதைத் தடுப்பதே காரணம். எனவே முதலில் வேகவைத்தல், பிறகு புளி கரைத்து ஊற்றுதல். அமிலத்தின் வேதியியலை அறியாமலே இவ்வரிசையைத் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு வந்திருக்கின்றனர்.

ஒரு சொல் காலப்போக்கில் தன் வினையிலிருந்து விலகுவதும் உண்டு. பொரித்தல் என்பது நிறைய எண்ணெயில் இடுவது. இன்று நாம் பொரியல் என்பதோ பெரும்பாலும் வேகவைத்துத் தாளித்ததே. பெயர் நின்றுவிட்டது, எண்ணெய் குறைந்துவிட்டது.

துவையல்

எளிய சமையலுக்கு ஒரே ஒரு சான்று கேட்டால் துவையலையே காட்டலாம். துவைத்தல் என்பதற்கு அடித்தல், இடித்தல், நசுக்குதல் என்பன பொருள். கல்லில் அடித்துத் துணி துவைப்பதும் கல்லில் நசுக்கித் துவையல் செய்வதும் ஒரே வினையின் இரு பயன்கள். ‘துவை’ என்னும் உணவுப் பெயர் சங்கப் பாடல்களிலேயே காணப்படுகிறது. அது அங்கே ஊனோடு சேர்த்துப் பேசப்படுகிறது.

அந்தத் துவையில் இன்றைய மிளகாய் இருந்திருக்க வாய்ப்பில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. வாஸ்கோட காமா 1498இல் கோழிக்கோட்டை அடைந்த பின்னர், போர்ச்சுகீசியரின் வணிகத்தால் அது இந்தியாவுக்கு வந்தது. மிளகைப் போல் காரமுள்ள காய் என்பதால் மிளகாய் எனப் பெயரிட்டுத் தமக்குரியதாக்கிக்கொண்டனர் தமிழர். சங்க இலக்கியத்தில் ‘கறி’ என்னும் சொல் மிளகைக் குறிக்கும். பொருள் மாறிய போதும் வினை மாறவில்லை என்பது இங்கே கருதத்தக்கது.

தேங்காய்த் துவையலுக்கு ஒரு மூடித் தேங்காய், நான்கு மிளகாய் வற்றல், இரண்டு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு, சுண்டைக்காய் அளவு புளி, உப்பு ஆகியவை போதும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் உளுந்தை இளந்தீயில் வறுக்க வேண்டும். அது பொன்னிறமாகத் தொடங்கும்போது மிளகாயை இட வேண்டும். முன்னரே இட்டால் மிளகாய் கருகிவிடும். அடுப்பை அணைத்தபின் புளியையும் தேங்காய்த் துருவலையும் அச்சூட்டிலேயே ஒருமுறை புரட்டினால் போதும். ஆறிய பின்னர் மிளகாய், புளி, உப்பு, தேங்காய் ஆகியவற்றை முதலில் அரைத்து, உளுந்தை இறுதியில் சேர்த்து ஓரிரு சுற்றில் நிறுத்திவிட வேண்டும். உளுந்து நறநறவென்று பல்லில் படுவதே துவையலின் சுவை. நீர் மிகக் குறைவாக இருக்க வேண்டும். நீர் மிகுந்தால் அது சட்டினியாகிவிடும். சட்டினி இட்டிலிக்குத் துணை. துவையல் சோற்றுக்குத் துணை. சூடான சோற்றில் சிறிது நல்லெண்ணெய் ஊற்றித் துவையலைப் பிசைந்தால் வேறு குழம்பு வேண்டுவதில்லை.

தேங்காய் இல்லையெனில் துவரம்பருப்பை வறுத்துப் பருப்புத் துவையல் செய்யலாம். கொள்ளு, புதினா, கொத்தமல்லி, கறிவேப்பிலை, இஞ்சி என எது கிடைத்தாலும் துவைக்கலாம். பீர்க்கங்காயைக் கூட்டுக்கு எடுத்துக்கொண்டு, சீவிய தோலை வதக்கித் துவையல் அரைப்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். வேலியோரத்தில் படரும் பிரண்டையும் துவையலாகிறது. அதனை நார் உரித்து எண்ணெயில் நன்றாக வதக்காவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். அந்த அரிப்பைத் தணிக்கவே அதில் புளி கூடுதலாகச் சேர்க்கின்றனர். எறியப்படும் தோலும் எவரும் பயிரிடாத கொடியும் உணவாவது வினையின் ஆற்றலால்தான்.

காலம் சமைப்பது

தீயே வேண்டாத சமையலும் உண்டு. இரவில் எஞ்சிய சோற்றை நன்கு ஆறவைத்து, அது மூழ்கும் அளவு நீர் ஊற்றி மூடிவைத்தால் காலையில் பழஞ்சோறு. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் நுண்ணுயிரிகள் பெருகி, மாவுப்பொருளிலிருந்து லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அதுவே அந்த இளம்புளிப்பு. உப்பும் மோரும் கலந்து சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உண்பர். வடித்த நீர் நீராகாரம். பெரும்பாணாற்றுப்படையில் உழவர் வீட்டுச் சிறுவர்கள் பழஞ்சோற்றை வெறுத்துப் புது நெல்லின் அவலைத் தேடுகின்றனர். காலையில் பழஞ்சோற்றைக் கண்டு முகம் சுளிப்பது இன்றைய பிள்ளைகளின் புதுப்பழக்கம் அன்று போலும்! இவ்வுணவின் பெயர் மட்டும் வினையைக் கூறாமல் பழமையைக் கூறுகிறது. இங்கே சமைப்பவர் எவரும் இலர், காலம் சமைக்கிறது. பெயரும் காலத்தையே சுட்டுகிறது.

யாருடைய உழைப்பு?

எளிய உணவு என்பதால் அதனை ஆக்குவதும் எளிதாக இருந்தது என்று எண்ணிவிடலாகாது. துவையலுக்குப் பொருள்கள் ஐந்துதான். ஆனால் அம்மியில் அதனை அரைத்த தோள்களின் உழைப்பு செய்முறையில் எழுதப்படுவதில்லை. நெல் குற்றி, நீர் சுமந்து, விறகு பொறுக்கி, புகையில் இருமிச் சமைத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. அம்மியில் அரைத்த துவையலின் சுவையை இன்று புகழ்வோருள் அம்மியில் அரைத்தோர் எத்தனை பேர் எனத் தெரியவில்லை. அழுத்தக் கொதிகலனான குக்கரும் மின் அரைப்பானான மிக்சியும் வந்த பின்னரே இவ்வுணவுகள் உண்மையில் எளியவையாயின. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர் வழங்கும் திட்டம் அவற்றை ஏழை வீடுகளுக்கும் கொண்டுசேர்த்தது. அம்மி வாயிலோரம் சாய்ந்து கிடப்பதற்கு வருந்த வேண்டியதில்லை. அதனுடன் துவைத்தல் என்னும் வினையும் மறைந்தால்தான் வருந்த வேண்டும்.

எளிமைக்கும் வறுமைக்கும் உள்ள எல்லையையும் நம் இலக்கியம் அறிந்திருந்தது. சிறுபாணாற்றுப்படையில் ஒரு வறிய அட்டில் வருகிறது. குட்டி ஈன்ற நாய் அங்கே குரைத்துக்கொண்டிருக்கிறது. பசியுற்ற கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து, உப்பும் இன்றி வேகவைக்கிறாள். பிறர் கண்டுவிடுவரோ என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். பொருள் ஒன்று, வினை ஒன்று. ஆயினும் இதனை எளிய சமையலின் அழகு என்று எவரும் பாராட்ட முடியாது. உப்பு இடாமலிருப்பது விருப்பமா, இயலாமையா என்பதே எல்லைக்கோடு. அடைத்த அக்கதவைக் காட்டிய புலவர் நல்லூர் நத்தத்தனார், அதன் பின்னரே நல்லியக்கோடனின் கொடையைப் பேசுகிறார்.

குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் காட்டும் அடுக்களை வேறு. புதிதாக இல்லறம் தொடங்கிய பெண் முற்றிய தயிரைப் பிசைகிறாள். பிசைந்த விரல்களைத் தன் ஆடையில் துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் நிறையப் புளிக்குழம்பு சமைக்கிறாள். தாளிப்புக்கு அக்காலப் பெயர் ‘குய்’. கணவன் இனிதென உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்ந்தது என்று, நேரில் கண்டு வந்த செவிலி நற்றாய்க்குக் கூறுகிறாள். விருந்தும் இல்லை, பல்வகைக் கறியும் இல்லை. தயிரும் புளியும் ஒரு தாளிப்பும்தான். சமைக்கத் தெரியுமோ என்று கவலைப்பட்டிருந்த தாய்க்கு அச்செய்தி போதுமானதாக இருந்தது. இன்று அக்கவலை மகளைக் குறித்து மட்டுமன்றி, வெளியூர் செல்லும் மகனைக் குறித்தும் எழ வேண்டும்.

அறையில் ஓர் அலமாரி

அவ்வாறு வெளியூர் செல்லும் மாணவர் ஒருவரின் அலமாரியில் அரிசி, துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு, புளி, மிளகாய் வற்றல், மிளகு, கடுகு, மஞ்சள்தூள், உப்பு, நல்லெண்ணெய் ஆகியவை இருப்பதாகக் கொள்வோம். பருப்பை வேகவைத்துக் கடைந்தால் ஒரு வேளை. வறுத்துத் துவைத்தால் மற்றொரு வேளை. மிளகை நசுக்கிப் புளிநீரில் ஒரு கொதி வரும்வரை காய்ச்சினால் மிளகுநீர். ‘மிளகுத்தண்ணி’ என்னும் இதன் பேச்சுப்பெயரே ‘முலிகடானி’ எனத் திரிந்து ஆங்கில அகராதியில் ஏறியது. உடல் நலம் குன்றிய நாளில் ஒரு பங்கு அரிசிக்கு எட்டுப் பங்கு நீர் விட்டுக் குழைய வேகவைத்தால் கஞ்சி. புளிக்கரைசலில் உப்பும் மஞ்சளும் கிள்ளிய மிளகாயும் இட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்டவைத்தால் புளிக்காய்ச்சல். நீர் வற்றியிருப்பதாலும் புளியும் உப்பும் மிகுந்திருப்பதாலும் அது சில நாள் கெடாது; ஈரக் கரண்டி படாமல் காத்துக்கொண்டால், தேர்வு நாள்களில் சோற்றை வடித்துக் கலந்துகொள்வது ஒன்றே வேலை. கையில் பத்து ரூபாய் கூடுதலாக உள்ள அன்று ஒரு கட்டுக் கீரை வாங்கலாம். அதனை மசிப்பதா, கடைவதா, துவட்டுவதா என்பதை அன்றைய பொழுதும் பசியும் முடிவு செய்யட்டும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் வீட்டிலும் ஊரிலும் வழங்கும் உணவுப் பெயர்களுள் தொழிற்பெயராக அமைந்தவற்றைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க. அவற்றுள் ஏதேனும் ஒன்றை நீங்களே சமைத்து, செய்த வினைகளை வரிசை மாறாமல் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.