அருவி ஏன் கட்டம் கட்டமாக உடைந்தது?

கல்யாண வீடியோ டிவிடியில் வரத் தொடங்கிய காலத்திலும் கடையத்தில் பல வீடுகளில் இருந்தது விசிடி பிளேயர்தான். அதனால் ஸ்டூடியோவில் சொல்லி, டிவிடியில் இருப்பதைச் சாதாரண சிடியில் ஏற்றி வாங்கிக்கொள்வோம். தாலி கட்டும் காட்சி தெளிவாக ஓடும். மாப்பிள்ளையும் பெண்ணும் குற்றாலத்தில் நிற்கும் இடம் வந்ததும், பின்னால் விழும் ஐந்தருவி சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்துபோகும். சிடியை எத்தனை முறை துடைத்தாலும் அப்படித்தான். குறை தட்டில் இல்லை, கணக்கில் இருந்தது.

டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, சிடியினுடையது 700 எம்பி. டிவிடி தரத்துப் படத்தைச் சுருக்காமல் அப்படியே பதிந்தால் சிடி முக்கால் நிமிடத்தில் நிரம்பிவிடும். அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் படம் ஓடக் காரணம், சுருக்கும் கணிதம்.

சுருக்கம் இரண்டு வழிகளில் நடக்கிறது. விநாடிக்கு 25 பிரேம்கள். மணமேடையின் பின்திரை அசைவதில்லை. அதை ஒருமுறை எழுதினால் போதும், அடுத்தடுத்த பிரேம்களுக்கு மாறியதை மட்டும் குறிக்கலாம். இரண்டாவதாக, படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுண்விவரங்களைக் கழிக்கிறார்கள். இதற்கு அடிப்படையான கொசைன் உருமாற்றத்தை 1974இல் வெளியிட்டவர்கள் பெங்களூருவில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர்.

இந்த இரண்டு வழிக்கும் அருவி பிடிகொடுக்காது. ஒரு பிரேமில் இருந்த துளி அடுத்ததில் அங்கே இல்லை. நுரை முழுவதும் நுண்விவரமே. டிவிடி இத்தகைய இடங்களில் மதகைத் திறந்துவிடும், விநாடிக்கு 9.8 மெகாபிட் வரை படத்துக்குத் தரும். விசிடியில் எந்தக் காட்சிக்கும் 1.15 மெகாபிட்தான் அளவு. பிக்சல்களும் ஏறக்குறைய கால்பங்கு. அது போதாமல் நுரையின் விவரங்கள் உதிர, அடியில் இருந்த கட்டங்கள் வெளியே தெரிந்தன.

கழித்த விவரம் திரும்பி வராது. அந்த நாளின் டிவிடி இன்னும் பீரோவில் இருந்தால், மறுபடி சுருக்காமல் அப்படியே ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள். எழுதும் டிவிடியின் சாயப்பூச்சு ஆண்டுகள் போகப்போக மங்கும். ஐந்தருவி முழுதாக விழுவது அந்தத் தட்டில் மட்டும்தான்.