பயனிலை ஈறுகளும் பாடலின் பொருளும்: ஒரு ஜப்பானிய 'என்கா' பாடலை முன்வைத்து

1. முன்னுரை

ஜப்பானிய மெல்லிசை வகைகளுள் ஒன்றான 'என்கா' பிரிவு, தனிமை, ஊர் ஏக்கம், குளிர்காலக் கடல், துறைமுகம் முதலியவற்றைப் பாடுபொருளாகக் கொண்டது. 1880களில் மக்கள் உரிமை இயக்கத்தினர் மேடைப்பேச்சுக்கு மாற்றாகத் தெருக்களில் பாடிய அரசியல் பாடல்களையே இச்சொல் முதலில் குறித்தது. இன்றைய பொருளில் ஓர் இசைவகையின் பெயராக இது நிலைபெற்றது 1960களின் பிற்பகுதியிலாகும்.

இப்பாடல்களின் சொற்றொகுதி சிறியது, கருத்தும் எளியது. எனவே இவற்றை மொழிபெயர்த்தல் எளிது என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆயின், இவற்றின் பொருள் பெரிதும் வேர்ச்சொற்களில் இல்லாமல் பயனிலையின் ஈறுகளில் தங்கியுள்ளது என்பதை இக்கட்டுரை ஒரு பாடலின்வழி விளக்க முற்படுகிறது.

எடுத்துக்கொண்ட பாடல் 'கிதா நோ யாதோ கரா' ('வடபுல விடுதியிலிருந்து'). அகு யூ எழுதி, கோபயாஷி அசேய் இசையமைத்து, மியாகோ ஹருமி பாடிய இப்பாடல் 1975 டிசம்பரில் வெளிவந்து, 1976ஆம் ஆண்டின் ஜப்பான் இசைத்தட்டுப் பெருவிருதைப் பெற்றது. காதலனைப் பிரிந்த பெண்ணொருத்தி பனிபொழியும் வடபுலத்து விடுதியில் தனித்திருந்து, அவன் அணியப்போவதில்லை என்றறிந்தும் ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறாள். கடிதம் எழுதுவதுபோல் அவனை விளித்துப் பேசுகிறாள். கதை இவ்வளவே.

2. கேட்போரை நோக்கிய பணிவு

பாடலின் பயனிலைகள் பெரும்பாலும் 'தெசு', 'மசு' என்னும் பணிவு ஈறுகளைக் கொண்டுள்ளன. இவ்வீறுகள் எழுவாயை உயர்த்துவன அல்ல, கேட்போரை மதிப்பன. ஆகவே, எழுவாய் மழையாயினும் குளிராயினும் இவை வரும். இலக்கியத் தமிழில் மதிப்பு, 'நீங்கள்', 'அவர்' போன்ற பதிலிடுபெயர்களாலும் அவற்றுக்கு இயைந்த வினைமுற்று விகுதிகளாலும் உணர்த்தப்படுகிறது. 'குளிர்கிறது' என்னும் தொடரில் அதற்கு இடமில்லை.

ஆனால் பேச்சுத்தமிழில் இடமுண்டு. 'குளிருதுங்க' என்பதிலுள்ள 'ங்க' எழுவாயைச் சாராது கேட்போரை மட்டுமே சார்ந்தது. அமைப்பளவில் இது 'தெசு'வுக்கு மிக நெருங்கியது. எனினும் பயன்பாட்டில் வேறுபாடு உண்டு. ஜப்பானிய ஈறு சமநிலையினரிடையே அளவான விலகலையும் குறிக்கும். 'ங்க' சில சூழல்களில் தாழ்ந்து பேசும் தொனியைத் தரும். பாடலில் வரும் பெண் கெஞ்சுபவள் அல்லள். ஒருகாலத்து நெருக்கத்தை இப்போது பணிவால் மூடுபவள். 'நீ' எனப் பெயர்த்தால் இவ்விலகல் மறையும். 'ங்க' எனப் பெயர்த்தால் அது பணிதலாகத் திரியும்.

3. பெறுநிலைத் துணைவினை

பிறர் செய்யும் செயலின் பயனைத் தான் பெறுவதை ஜப்பானிய மொழி 'மொரவு' (பெறு) என்னும் துணைவினையால் உணர்த்தும். தமிழில் 'எழுதிக் கொடு', 'செய்து தா' எனக் கொடுப்போர் நோக்கிலான துணைவினைகள் உண்டு. பெறுவோர் நோக்கில் இதற்கு இணையான துணைவினை இல்லை.

ஸ்வெட்டரைப் பற்றிய தொடரில் இத்துணைவினை இயலாமைப் பொருளில், எதிர்மறையாக வருகிறது. அவன் அணிய மறுத்தான் என்பதன்று செய்தி; அவன் அணிதலாகிய நன்மையைத் தான் பெற இயலாது என்பதே செய்தி. 'நீங்கள் அணியாத' எனப் பெயர்த்தால் அவன் எழுவாயாகிறான், தொடர் குற்றச்சாட்டாகிறது. தமிழ் வழக்கிலுள்ள 'கொடுத்துவை' என்பது இவ்விடத்தில் கருதத்தக்கது. 'நீங்கள் படிக்க எனக்குக் கொடுத்துவைக்காத கடிதம்' என்பதுபோன்ற அமைப்பில் நோக்குநிலை பெறுபவளிடமே நிற்கிறது. ஊழ் பற்றிய குறிப்பு கூடுதலாக நுழைவது இதன் குறை.

மேலும், அவ்வெதிர்மறை பேச்சுவழக்கின் 'நை' ஈற்றால் அமையாமல், பழைய இலக்கிய ஈறான 'நு'வால் அமைந்துள்ளது. இக்காலப் பணிவு ஈறுகளுக்கிடையே பழைய ஈறு கலப்பது, 'வரவில்லை' என்னும் பேச்சுக்கு நடுவே 'வாரான்' என்பது தோன்றுதல் போன்றது.

4. 'தெஷோ' என்னும் ஈறு

பல்லவியின் கருத்து, இவ்வேக்கம் பெண்மனத்தின் 'மிரென்' என்பதாகும். அப்பயனிலை 'தெஷோ' என முடிகிறது. இவ்வீறு, குரல் இறங்கினால் ஊகத்தையும், ஏறினால் கேட்போரின் உடன்பாட்டை வேண்டுதலையும் குறிக்கும். பாடலில் குரலின் ஏற்ற இறக்கத்தை மெட்டே முடிவுசெய்வதால் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. ஜப்பானிய மொழியில் தன் உணர்வை நேரடியாகவும், பிறர் உணர்வைத் தோற்றம் அல்லது ஊகம் காட்டும் வடிவத்தாலும் கூறுவதே பொதுமரபு. தமிழில் 'எனக்குப் பசிக்கிறது', 'அவனுக்குப் பசிக்கிறது' என இரண்டும் ஒரே அமைப்பின. எனவே ஜப்பானியப் பெண்ணொருத்தி தன் நெஞ்சைப் பற்றியே ஊக ஈற்றால் பேசும்போது, தன்னைப் பிறர்போல் விலகி நின்று பார்க்கிறாள் என்ற பொருள் பிறக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் 'தானே' என முடித்தால் அவள் அவனிடம் இசைவு கேட்பவள். 'போலும்' என முடித்தால் தன்னையே ஆராய்பவள். ஈற்றை விடுத்து நேர்கூற்றாக்கினால் வெறுமனே புலம்புபவள். மூன்றும் வெவ்வேறு பெண்கள். 'போலும்' என்பதே மூலத்தின் விலகலைக் காக்கும் எனலாம். எனினும் அதன் செய்யுள் சாயல் பாடலின் எளிமைக்கு ஒவ்வாது. 'ஆக இருக்கும்' என்னும் வழக்குத்தொடர் ஊகத்தையும் எளிமையையும் ஒருங்கே தருவதால் ஏற்புடையது.

5. 'மிரென்'

இச்சொல்லின் எழுத்துகள் 'இன்னும் இல்லை', 'பயிற்சி' என்னும் பொருளுடையன. வழக்கில் இது கைவிட இயலாத பற்றைக் குறிக்கும். 'பற்று' என்பது மிகப் பொதுவானது. 'விட்டகுறை' முடிவுறாமையை உணர்த்தினும் முற்பிறவித் தொடர்பைச் சுட்டும். 'விட்டும் விடாத மனம்' என விரித்துரைப்பதே பொருந்தும்.

6. முடிவுரை

மெல்லிசைப் பாடல்களின் மொழிபெயர்ப்பில் உவமை, உருவகம் ஆகியவற்றுக்கு அளிக்கப்படும் கவனம் இடைச்சொற்களுக்கும் துணைவினைகளுக்கும் அளிக்கப்படுவதில்லை. இப்பாடலிலோ, பெண் இரங்கத்தக்கவளா, தன்னைத் தானே எடைபோடும் தெளிவுடையவளா என்பதை ஓர் ஈறே தீர்மானிக்கிறது. அகராதி இதனைத் தராது, இலக்கணமே தரும். எனவே மொழிபெயர்ப்பாளர் சொற்களைத் தேடுமுன் பயனிலைகளை வரிசைப்படுத்தி, அவற்றின் ஈறுகள் யார் நோக்கில், யாரை நோக்கி அமைந்துள்ளன எனத் துணிதல் இன்றியமையாதது.