இரவில் வீதியில் வண்டி நிறுத்தல்

பின்னலாடைத் தொழிலாற் பேர்பெற்ற திருப்பூரில் இரவென்பது முற்றும் ஓய்வுக்காலமன்று. நூல்மூட்டை இறக்குதலும், தைத்த ஆடைகளைத் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு ஏற்றியனுப்புதலும் இரவிலும் நிகழ்வன. வீடும் பனியன் கம்பெனியும் ஒரே சந்தில் அடுத்தடுத்து நிற்பன. ஆதலின் வேலை முடித்த லாரியும் வேனும் காரும் வாயிற்புறத்திலேயே இராத்தங்குகின்றன. ‘இரவில் யார் வரப்போகிறார்கள்?’ என்பதே பலரது எண்ணம். இவ்வெண்ணம் சட்டத்திற்கு ஒக்குமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இரவிற்கெனத் தனிச்சலுகை எதுவும் தரவில்லை. பிறர்க்கு அபாயமோ, தடையோ, மிக்க இடைஞ்சலோ உண்டாகுமாறு பொதுவிடத்தில் வண்டியை நிற்கவிடலாகாது என்பது அதன் 122ஆம் பிரிவு. பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளின்றி விடப்பட்ட வண்டியை அகற்றுமாறு சீருடையணிந்த போலீஸ் அதிகாரி ஆணையிடலாம் என்பது 127ஆம் பிரிவு. அகற்றுஞ் செலவும் உடையவரையே சாரும். இதுகேட்டுச் சிலர், ‘பத்து மணி நேரம் நமக்கு உரிமையுண்டு’ எனப் பொருள் கொள்வர். அது பிழை. போக்குவரத்துக்கு ஊறாக நிற்கும் வண்டியை உடனே அகற்றவும் அப்பிரிவே இடந்தருகின்றது. அன்றியும், கார், லாரி முதலியன சாலையில் நிற்கும்பொழுதும் அவற்றின் முன்பின் நிறுத்தவிளக்குகள் எரிதல் வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. நம் சந்துகளில் இதனை நினைப்பவர் எத்துணைப் பேர்?

ஜப்பான் நாட்டார் இன்னும் ஒருபடி மேற்சென்றனர். 1962இல் இயற்றப்பட்ட அந்நாட்டுச் சட்டம், வீதியில் ஒரே இடத்தில் பகலிற் பன்னிரண்டு மணி நேரமும் இரவில் எட்டு மணி நேரமும் தொடர்ந்து வண்டியை நிறுத்தலாகாது என வரையறுத்தது. கார் வாங்குவோர் அதனை நிறுத்த இடம் உண்டெனக் காட்டுதலும் வேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, எம் சந்தில் முதியவள் ஒருத்திக்கு மூச்சுத் திணறிற்று. விரைந்து வந்த ஆம்புலன்ஸ் சந்துமுனையிலேயே நின்றுவிட்டது. அவளைக் கயிற்றுக்கட்டிலிற் கிடத்தி மழையில் சுமந்து சென்றோம். இறையருளால் அவள் பிழைத்தாள். வழிமறித்து நின்றது எம் வீட்டு வேனே. அன்று மாலை அதனை அங்கு நிறுத்தியவனும் யானே.

இடமில்லாதவர் என்செய்வர் எனின், அவ்வினாவும் நியாயமானதே. வண்டிகள் நிற்றற்குரிய இடங்களை உள்ளாட்சி மன்றத்தைக் கலந்து வகுக்கும் அதிகாரத்தை 117ஆம் பிரிவு அரசுக்கு அளித்துளது. அவ்விடங்களை வேண்டிக் கேட்பது நம் உரிமை. அவை கிடைக்குங்காறும் பிறர் செல்ல வழிவிட்டு நிறுத்துவது நம் கடமை. வீதி உறங்குவதில்லை, அதன் வழியே எவர்க்கு எப்பொழுது உதவி வரவேண்டியிருக்குமென நாம் அறியோம்.