மீன்களின் மேற்போர்வையும் இனவிருத்தியும்

ஒவ்வொரு பிராணிக்கும் அதன் வாழ்க்கைக்கேற்ற மேற்போர்வை அமைந்துள்ளது. பசுவிற்கு உரோமம், கொக்கிற்கு இறகு, பாம்பிற்கும் ஓணானுக்கும் உலர்ந்த செதில். தவளைக்கு இவற்றுள் யாதொன்றுமில்லை. ஈரமான அதன் மெல்லிய தோலே சுவாசிப்பதற்கும் துணை செய்கின்றது.

தாமிரபரணியிலும் அதன் கால்களால் நிரம்பும் குளங்களிலும் வாழும் மீன்களை நோக்குவோம். கெண்டையின் செதில்கள் கூரை ஓடுகளைப்போல் ஒன்றன்மேலொன்று படிந்துள்ளன. பாம்பு சட்டையுரிப்பதுபோல் மீன் செதிலை உரிப்பதில்லை. உடல் வளர வளரச் செதிலும் வளரும். கெளுத்திக்கோ செதிலே கிடையாது. எவ்வகை மீனாயினும் அதன் உடல்மீது வழவழப்பான கோழை படர்ந்திருக்கும். நோய்க்கிருமிகளைத் தடுக்கும் முதற்காவல் இதுவே. உலர்ந்த கையாலோ துணியாலோ குஞ்சுகளைப் பற்றினால் இக்கோழை அழிந்து, பூசணம் பிடித்து அவை மடியக்கூடும். ஆகையால் குளத்தில் விடுதற்குக் குஞ்சு கொணர்வோர் கையையும் வலையையும் முன்னரே நனைத்துக்கொள்ளல் வேண்டும்.

இனி இனவிருத்தியைக் கூறுவோம். கெண்டை வகைகளுட் பல, புதுவெள்ளம் வந்ததும் எதிர்த்தேறி, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, அவற்றைக் காவலின்றி விட்டுச் செல்லும். மன்னார் வளைகுடாவில் வாழும் கடற்கெளிறுகளுள் ஆண்மீன், கோலிக்குண்டளவான முட்டைகளை வாயிலேந்திப் பெரும்பாலும் இரை கொள்ளாது காக்கும். 1952-ல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக்கெண்டையில் இக்கடமை பெண்ணினுடையது. விலாங்கு நன்னீரில் வளர்ந்து, கடல் சென்றே முட்டையிடும்.

விராலின் செய்கை நம்மவர் யாவரும் கண்டதே. ஆழமில்லாத கரையோரத்தில் பாசியையும் புல்லையும் விலக்கி இடஞ்செய்து, மிதக்கும் மஞ்சள் முட்டைகளை இடும். செந்நிறக் குஞ்சுகள் திரளாய் மேலெழும்போது தாய்தந்தையர் கீழிருந்து சில வாரங்கள் காவல் புரியும். அத்திரளைக் கண்டே தூண்டிலிடுவோர் பலர். பெரிய விரால் அகப்பட்டதும், காவலற்ற குஞ்சுகளைப் பிற மீன்களும் நீர்ப்பறவைகளும் விரைவில் தின்றுவிடும். ஒரு நாட் குழம்பிற்காக ஒரு தலைமுறை மீன் அழிகின்றது.

ஆகவே, குளம் மறுகால் பாயும் நாட்களில் ஏறிவரும் சினைமீனை வலையிட்டு மறியாமலும், குஞ்சுத்திரளோடு திரியும் விராலைத் தொடாமலும் விடுவதென ஊரார் கூடி முடிவு செய்தல் நலம். இதற்குப் பணச்செலவு யாதுமில்லை. சிறிது பொறுமையே வேண்டுவது. கோடையில் குளம் வற்றும்போது அப்பொறுமையின் பயனை ஒவ்வொரு வீட்டு அடுப்பும் அறியும்.