எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும்

மாணாக்கர் பெரிதும் விழைவது எழுத்துத் தேர்வு. அஞ்சுவது வாய்மொழித் தேர்வு. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

தமிழ் மரபில் வாய்மொழியே முற்பட்டது. அதங்கோட்டாசான் வினவத் தொல்காப்பியர் விடையிறுத்தார் எனப் பாயிர உரை கூறும். ஆசிரியனிடம் கேட்டலாற் புலமையின் காற்கூறும், உடன்பயில்வாரொடு பழகலாற் காற்கூறும், பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய பாதியும் நிரம்பும் என்பது நன்னூலார் கருத்து.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் எழுத்துத் தேர்வு தலைமை பெற்றது. 1966-இல் தோன்றிப் பின்னர்க் காமராசர் பெயர் பூண்ட மதுரைப் பல்கலைக்கழகமும் அந்நெறியே கொண்டது. இன்று முதுகலை வரை விடைத்தாளே பெரும்பான்மையும் மதிப்பெண்ணை அறுதியிடும்; முனைவர் பட்டத்திற்கு வாய்மொழித் தேர்வு இன்றியமையாதது.

சான்றாகப் பாளையம்பட்டி, திருச்சுழி முதலிய மானாவாரிச் சிற்றூர்களினின்று வரும் மாணாக்கரை நோக்குக. அவருட் பலர் தம் குடியில் முதன்முதற் பட்டம் பயில்வோர். விடைத்தாள் திருத்துவோர்க்கு எண் தெரியும். பெயரும் ஊரும் தெரியா. வாய்மொழித் தேர்விலோ முகமும் குரலும் வட்டார வழக்கும் வெளிப்படும். தாளில் எழுதியதை அடித்துத் திருத்தலாம். சொல்லிய சொல்லை மீட்டல் அரிது. ஆதலின் அவர்தம் அச்சம் கல்லாமையால் விளைந்ததன்று. தேர்வாளரின் நடுவுநிலைமை குறித்த ஐயத்தால் விளைந்தது.

எனினும் எழுத்தொன்றே அமையும் எனல் பொருந்தாது. மனப்பாடம் விடைத்தாளை நிரப்பும். 'ஏன்' என்னும் இடைவினாவுக்கு விடை தாராது. எனவே, தேர்வாளர் வழக்குச்சொல்லைக் குற்றமாகக் கொள்ளாது பொருளை நோக்கல் வேண்டும். வகுப்பில் முதலாண்டு தொட்டே ஒவ்வொருவரும் ஒரு பாட்டை விரித்துரைக்கப் பயிலல் வேண்டும். அங்ஙனமாயின், நன்னூலார் கூறிய பாதியும் மாணாக்கர்க்குக் கிட்டும்.